இல்லாத நிலத்தில் நீர் ஓடும் வழி

மே 5, ஞாயிறு

இந்தக் கோடை முழுவதும் எங்கும் இல்லாத நிலக்காட்சிகளை மட்டுமே நீர்வண்ணத்தில் தீட்டுவது என்று முடிவு செய்திருக்கிறேன். நேரில் கண்டு வரைவதற்கு மதுரையைச் சுற்றிக் காட்சிகளுக்குக் குறைவில்லை. யானைமலை ஒன்றே எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரு படத்தைத் தந்துவிடும். ஆனால் கண்முன் நிற்கும் மலையை, அது ஏன் அப்படி நிற்கிறது என்று ஒரு கணமும் யோசிக்காமல் வரைந்து முடித்துவிடலாம். கற்பனை மலைக்கு அந்தச் சலுகை கிடையாது. அதன் சரிவு எங்கே தொடங்குகிறது, அதில் விழும் மழை எந்தப் பக்கம் இறங்குகிறது, வெயில் எங்கிருந்து வருகிறது என்பதையெல்லாம் வரைபவரே தீர்மானித்தாக வேண்டும். தீர்மானிக்காமல் விட்ட இடம் படத்தில் பளிச்சென்று பொய்யாகத் தெரியும்.

தொடக்கத்துக்கு அலெக்சாண்டர் கோசன்ஸ் என்ற 18ஆம் நூற்றாண்டு ஓவியரின் முறையை எடுத்துக்கொள்கிறேன். ரஷ்யாவில் பிறந்து, இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியில் ஓவியம் கற்பித்த அவர், 1780களின் நடுவில், தம் வாழ்நாளின் கடைசிக் கட்டத்தில், நிலக்காட்சிகளைப் புனைவதற்கான கையேடு ஒன்றை வெளியிட்டார். இன்ன வகை நிலம் என்று பொதுவாக மனத்தில் நினைத்துக்கொண்டு, பெரிய தூரிகையில் மை தோய்த்து, தாளின் மேல் வேகமாகக் கறைகளை இட வேண்டும். மரம், பாறை என்று எதையும் தனித்து வரைய முயலக்கூடாது. தாளை முன்னதாகக் கசக்கி விரித்துக்கொண்டால் தற்செயலான வடிவங்கள் கூடுதலாகக் கிடைக்கும். காய்ந்த கறையின் மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்து, அதில் தெரியும் மேடுபள்ளங்களைத் தெளிவுபடுத்திய பிறகு, நீர்த்த மையால் ஒளியையும் நிழலையும் தீட்ட வேண்டும். அவர் வார்னிஷ் பூசிய தாளைப் பயன்படுத்தினார். எனக்குக் கடையில் கிடைக்கும் ட்ரேசிங் தாள் போதும்.

மே 8, புதன்

நான் படித்த ஐரோப்பியக் கையேடுகள் எதிலும் மதுரை வெயிலுக்கு மருந்து இல்லை. அகலமான வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) ஒன்றைத் தாளின் மேல்விளிம்பில் தொடங்கிக் கீழ்விளிம்புக்குக் கொண்டுவருவதற்குள் மேலே காய்ந்து கோடு விழுந்துவிடுகிறது. 300 ஜி.எஸ்.எம். எடையுள்ள தடித்த பருத்தித் தாளை இருபுறமும் நன்றாக நனைத்து, அக்ரிலிக் பலகையின் மேல் ஒட்டப் பரப்பி, மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்வதே எனக்குச் சரிப்படுகிறது. பலகை ஈரத்தை உறிஞ்சாது என்பதால், தாளின் அடிப்பக்கத்து நீர் மேற்பக்கத்தைச் சற்று நேரம் காப்பாற்றித் தருகிறது. விடியற்காலையில் தொடங்கினால் வானத்தை முழுவதும் ஈரத்தின் மேல் ஈரமாகத் தீட்ட முடிகிறது. வியர்வைத் துளி விழாமல் பார்த்துக்கொள்வது தனிக் கலை.

வானத்தைப் பற்றி ஒன்று: கோசன்ஸ் தம் கையேட்டில் வெவ்வேறு மேக அமைப்புகளைக் காட்டும் 20 வானப் படங்களைச் சேர்த்திருந்தார். மேகங்களை நேரில் பார்த்து வரைந்ததற்குப் புகழ்பெற்ற ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிளும் அந்தப் படங்களை உட்கார்ந்து படியெடுத்தார். கற்பனையையும் நேர்க்காட்சியையும் எதிரெதிராக நிறுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மே 12, ஞாயிறு

இன்று முழுவதும் கறைகள். கசக்கி விரித்த தாளில் மை மடிப்புகளின் வழியே ஓடி, நான் நினைத்தே பார்த்திராத முகடுகளைக் காட்டுகிறது. வீட்டுச் சுவரின் கறைகளிலும் பல நிறக் கற்களிலும் மலை, ஆறு, போர்க்களம் எல்லாம் தெரியும் என்று லியோனார்டோ டா வின்சி எழுதிவைத்தது பலருக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே, சோங் டி என்ற சீன ஓவியர், இடிந்த சுவரின் மேல் வெண்பட்டுத் துணியைப் பரப்பி, காலையும் மாலையும் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்படி இன்னொரு ஓவியருக்கு அறிவுரை சொன்னதாகப் பதினோராம் நூற்றாண்டு அறிஞர் ஷென் குவோ குறித்திருக்கிறார். மேடானவை மலையாகும், தாழ்ந்தவை நீராகும், விரிசல்கள் ஓடையாகும் என்பது அந்த அறிவுரையின் சாரம்.

இவற்றில் சீன அறிவுரையே எனக்கு உயர்வாகப் படுகிறது. லியோனார்டோவின் சுவர் ஆயிரம் பொருள்களைக் காட்டுகிறது; சோங் டியின் சுவரோ நிலத்தை மட்டும், அதிலும் நீர் எங்கே தங்கும் என்ற கேள்வியுடன் சேர்த்துக் காட்டுகிறது.

மே 13, திங்கள்

நேற்றைய கறைகளில் பெரும்பாலானவை முகங்களாகவும் விலங்குகளாகவும் தெரிகின்றன. தலைகீழாகத் திருப்பி வைத்தால் அந்த மயக்கம் போய்விடுகிறது.

மே 20, திங்கள்

இரவு பெய்த மழைக்குப் பின் நாகமலை இன்று நீலமாகவும் மிக அருகிலும் தெரிந்தது. போன வாரம் வரை அதே மலை வெளிறிய மஞ்சள் படலத்துக்குள் இருந்தது. காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை மற்ற நிறங்களைவிட அதிகமாகச் சிதறடிப்பதால்தான் தொலைவு நீலமாகிறது. ஆனால் தூசி போன்ற பெரிய துகள்கள் எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிப்பதால், புழுதி மிகுந்த காற்றில் தொலைவு வெளுத்துப் போகிறது. தொலைவு என்றால் நீலம் என்று பாடம் சொல்லிக்கொடுப்பது ஈரமான, தூய காற்றுள்ள நாட்டுக்குத்தான் பொருந்தும். ஆகவே கற்பனை நிலத்துக்கு மலையை முடிவு செய்வதற்கு முன்பே காற்றை முடிவு செய்ய வேண்டும்: மழை ஓய்ந்த நாளா, மழைக்காக ஏங்கும் நாளா?

மூன்றே வண்ணங்களோடு வேலை செய்கிறேன்: ஃபிரெஞ்ச் அல்ட்ராமரைன் என்ற நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, ரா சியன்னா என்ற மஞ்சள் பழுப்பு. முதல் இரண்டையும் கலந்தால் கிடைக்கும் சாம்பல் நிறத்தை, நீலத்தைச் சிறிது கூட்டியோ குறைத்தோ மழைக் காற்றாகவும் புழுதிக் காற்றாகவும் மாற்றிவிடலாம். அல்ட்ராமரைனின் துகள்கள் சொரசொரப்பான தாளின் குழிகளில் தனியாகப் படிந்து, பாறையின் தோலைத் தாமே உண்டாக்கிவிடுகின்றன. ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் என்ற நீலக் கல்லை அரைத்து எடுத்த இந்த நீலம், 1820களின் இறுதியில் பிரான்சில் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட பிறகுதான் என்னைப் போன்றவர்களின் கைக்கு எட்டும் விலைக்கு வந்தது.

மே 26, ஞாயிறு

கறையிலிருந்து எடுத்த ஒரு பள்ளத்தாக்கு பல நாட்களாக மேசையில் கிடக்கிறது. முகடுகள் நன்றாக இருக்கின்றன, ஒளியும் ஒரே பக்கத்திலிருந்து வருகிறது. ஆனாலும் அது இடமாக நம்ப வைக்கவில்லை. இன்று மலைகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அதில் மழை பெய்தால் என்ன நடக்கும் என்று பென்சிலால் தடம் போட்டுப் பார்த்தேன். வலப்பக்கச் சரிவில் இறங்கும் நீருக்கு வெளியேற வழியே இல்லை. நிலம் தந்தது மைக்கறை. அந்த நிலத்தில் ஓடிப் பார்த்த நீர் எதுவும் இல்லை.

பதினோராம் நூற்றாண்டின் பெரும் சீன ஓவியர் குவோ ஷீ, நீரோட்டங்களை மலையின் குருதி நாளங்கள் என்றும், புல்லையும் மரத்தையும் அதன் முடி என்றும் சொன்னார். அவருடைய பேச்சுகளை அவர் மகன் தொகுத்துவைத்ததால் இவை நமக்குக் கிடைக்கின்றன. 1072இல் அவர் பட்டில் தீட்டிய, இளவேனிலின் தொடக்கத்தைக் காட்டும் மலைக்காட்சி தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் நகலைப் பெரிதாக்கிப் பார்த்தால், மலைகள் முறுக்கிக்கொண்டு மிதப்பவை போல் தோன்றினாலும், அருவியும் ஓடையும் கீழே உள்ள நீர்ப்பரப்பை நோக்கி இறங்குவதைக் கண் தடையின்றித் தொடர முடிகிறது. அடிவாரத்திலிருந்து உச்சியை அண்ணாந்து பார்ப்பது, முன்மலையிலிருந்து பின்மலையை ஊடுருவிப் பார்ப்பது, பக்கத்து மலையிலிருந்து தொலைமலையை நேராகப் பார்ப்பது என்று அவர் வகுத்த மூன்று தொலைவுகளும் ஒரே படத்தில் கலந்து நிற்கின்றன. எந்த மனிதனும் ஓரிடத்தில் நின்றுகொண்டு அந்தக் காட்சியைக் காண முடியாது. நீரின் வழி பிசகாததால், காண முடியாததை நாம் நம்புகிறோம்.

எனக்கான விதிகளை எழுதிவைக்கிறேன். கிளையாறுகள் ஓட்டத்தின் திசையில் சாய்ந்து சேர வேண்டும். இயற்கையான ஏரியிலிருந்து பெரும்பாலும் ஒரே ஆறுதான் வெளியேறும். படம் அழகாக இருக்கிறது என்பதற்காக இரண்டாகப் பிரிக்கக்கூடாது. செங்குத்தான இடத்தில் ஆறு நேராகவும், சமவெளியில் வளைந்தும் போக வேண்டும். பாறையும் ஒரே குணம் கொண்டதாக இருக்க வேண்டும்: கிரானைட் வகைப் பாறை தகடு தகடாக உரிந்து உருண்டைத் தலை பெறும், மணற்பாறை அடுக்கடுக்காக உடையும், இரண்டையும் ஒரே குன்றில் காரணமில்லாமல் கலந்தால் கண் ஏற்காது.

ஜூன் 2, ஞாயிறு

கண்மாய் ஒன்றை நடுவில் வைத்து ஒரு கற்பனைச் சமவெளி. மனிதர் கட்டிய நீர்நிலை என்றால் விதிகள் இன்னும் கறாரானவை. கரை எப்போதும் தாழ்வான பக்கத்தில்தான் வளைந்து நிற்கும். மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். ஆழம் கரையை ஒட்டி இருக்கும். எதிர்ப்பக்கம் நீர் மெலிந்து, சேறாகி, புல்லில் முடியும். வயல்கள் கரைக்குக் கீழே, மடையிலிருந்து நீர் பாயும் பக்கத்தில் இருக்கும். எனவே படத்தின் அடர்ந்த பச்சை, நீரை ஒட்டிச் சுற்றிலும் வராமல், கரையின் மறுபுறத்தில் மட்டும் வர வேண்டும். இது தெரியாதவர்கள் வரைந்த கிராமக் காட்சிகளை நாட்காட்டிகளில் ஏராளமாகப் பார்க்கலாம்.

நீர்ப்பரப்புக்கு வெள்ளை வண்ணம் எதுவும் இல்லை, தாளின் வெண்மைதான். கரையின் பனைகளை ஈரமான தாளில் நேர்கீழாக இழுத்துவிட்டு, பிழிந்த தட்டைத் தூரிகையால் குறுக்கே ஒரே ஒரு முறை துடைத்தால், காற்று தொட்ட நீர் வந்துவிடுகிறது. கருத்த பொருளின் பிரதிபிம்பம் பொருளைவிடச் சற்று வெளிறியும், வெளுத்த பொருளின் பிரதிபிம்பம் சற்றுக் கருத்தும் இருக்க வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

இப்போது பாலை. நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்று தொல்காப்பியம் சொல்வதைக் கற்பனை நிலம் தீட்டுபவருக்கான முதல் பாடமாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். பொழுது இல்லாத நிலத்துக்கு நிழல் போட முடியாது. பாலைக்குரிய பொழுது வேனிலும் நண்பகலும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்ற வடிவம் கொள்ளும் என்கிறது சிலப்பதிகாரம். அப்படியானால் பாலையைத் தீட்டுவது, முன்பு நீர் இருந்த ஒரு நிலத்தைத் தீட்டுவதாகும். மணல்மேடுகளையும் ஒட்டகத்தையும் வரைந்து பாலை என்று பெயரிடுவோர் வேறு ஏதோ நாட்டை வரைகிறார்கள்.

சிக்கல் நண்பகலில் இருக்கிறது. சூரியன் தலைக்கு மேல் நிற்கும்போது நிழல்கள் பொருள்களின் காலடியில் சுருங்கிவிடுகின்றன. வறண்ட ஆற்றின் பள்ளத்தை நிழலால் காட்ட வழியில்லை. வேறு சாட்சிகளைத் தேட வேண்டியிருக்கிறது. சரிவில் கிடக்கும் கற்கள் கூர்மையாகவும், ஆற்றுப் படுகையில் கிடப்பவை உருண்டும் இருக்கும், ஏனெனில் அவற்றை உருட்டியது வெள்ளம். படுகை மணல் சுற்றியுள்ள மண்ணைவிட வெளுத்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மற்ற செடிகள் காய்ந்த பிறகும், ஆழ வேரோடிய மரங்கள் ஆற்றின் இரு கரையிலும் வரிசையாகப் பச்சை பிடித்து நிற்கும். ரா சியன்னா வாஷ் ஒன்றைத் தாள் முழுவதும் பரப்பிக் காயவிட்டு, அதன் மேல் மங்கிய பச்சையில் அந்த மரவரிசையை மட்டும் வளைத்துப் போனேன். ஆறு தெரிந்துவிட்டது.

ஜூன் 15, சனி

பாலையில் இன்னும் ஓரிடம் மீதமிருக்கிறது: இடப்பக்க மலையின் அடிவாரத்தில், உலர்தூரிகையை இழுத்த தடங்கள் வெறும் இழைநயமாக நிற்கின்றன, ஓடைகளாக மாறவில்லை. அவற்றில் சிலவற்றை ஈரத் தூரிகையால் கரைத்து, படுகையை நோக்கித் திருப்பிவிட்டால் போதும்.

அடுத்தது நெய்தல். அதற்குக் கோசன்ஸின் கறைகள் உதவா என்று நினைக்கிறேன். மேடே இல்லாத நிலத்தில் மை எதைக் காட்டும்? மே 26இல் நான் எழுதிய விதிகளில் பாதி அங்கே கவிழ்ந்துவிடும். கழிமுகத்தில் ஆறு சேர்வதற்குப் பதிலாகப் பிரியும், ஓதத்துக்கு ஏற்ப நீர் உள்ளேயும் வெளியேயும் திசை மாறும், வண்டல் திட்டுகள் ஆண்டுதோறும் இடம் பெயரும். நீர் இறங்கும் வழியை விட்டுவிட்டு, நீர் விட்டுச் செல்லும் சேற்றின் வடிவத்திலிருந்து படத்தைத் தொடங்க வேண்டும். அகலம் மிகுந்து, உயரம் குறைந்த தாள்களாக வெட்டி வைத்திருக்கிறேன்.