லேசா மிதிச்சா தடுமாறிய சிட்டி விடெக்: பழுது கடைசியில் எங்கே இருந்தது

வண்டி 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக். ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும், 106 குதிரைத்திறன் என்ஜினை இவ்வளவு எடை குறைந்த பாடியில் ஓட்டியவர்களுக்கு அது எந்த ரகம் என்று தெரியும். ஐந்து வாரமாக இருந்த பிக்கப் தடுமாற்றம் போன வாரம்தான் தீர்ந்தது. செலவழித்ததில் முக்கால்வாசி வீண். இன்னொருவர் பணமும் அப்படிப் போகக் கூடாது என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

இரண்டாவது, மூன்றாவது கியரில் 1,500-லிருந்து 2,200 ஆர்பிஎம்முக்குள் சீராகப் போகும்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டினால், அரை நொடி மூச்சு நின்ற மாதிரி ஆகும். அப்புறம் வெடுக்கென்று இழுக்கும். வேலூர் கிரீன் சர்க்கிளில் இருந்து காட்பாடி வரை நெரிசலில் ஊர்ந்தால் உள்ளே இருப்பவர் தலை முன்னும் பின்னும் ஆடும். பொன்னேரியில் திரும்பி ஏலகிரி ஏறினால் 14 கொண்டை ஊசி வளைவிலும், ஸ்டீயரிங்கை நேராக்கிக் கால் வைக்கும் இடத்தில் ஒரு உதறல். ஆனால் முழுசாக மிதித்தால் 6,000 வரை சுத்தமாக ஏறும். ஐடிலிங் சீர். செக் என்ஜின் விளக்கு எரியவே இல்லை.

விடை அந்தக் கடைசி மூன்று வரியிலேயே இருந்தது. பெட்ரோல் பம்ப் சோர்ந்தாலோ ஃபில்டர் அடைத்தாலோ முழு மிதியில்தான் முதலில் தெரியும், ஏனென்றால் பெட்ரோல் அதிகம் கேட்பது அப்போதுதான். பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப் கோளாறும் லோடு ஏற ஏற மோசமாகும். முழு மிதியில் நன்றாக இழுத்து, லேசான மிதியில் மட்டும் தடுமாறினால் அந்தப் பக்கமே போக வேண்டாம். இதைச் சொல்லியும் ஒர்க் ஷாப்பில் காதில் வாங்கவில்லை. "பெட்ரோல்ல கலப்படம் சார்" என்று ஆரம்பித்து பிளக், ஃபில்டர், இன்ஜெக்டர் கிளீனிங், கடைசியில் பம்ப் வரை வந்துவிட்டார்கள். 9,000 ரூபாய்க்கு மேல் போனது. உதறல் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டு வாசலில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்ததில் பிடிபட்டது திராட்டில் பொசிஷன் சென்சார். ஆக்சிலரேட்டரைத் திறந்ததும் காற்று உடனே பாய்ந்துவிடும். பெட்ரோலில் ஒரு பங்கு மேனிஃபோல்டு (என்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) சுவரில் ஒட்டிக்கொண்டு பின்தங்கும். அந்தக் கணத்துக்கு மட்டும் ஈசியூ, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், கூடுதலாகப் பெட்ரோல் விட வேண்டும். எவ்வளவு வேகமாகத் திறந்தோம் என்று அதற்குச் சொல்வது இந்த சென்சார்தான். உள்ளே ஒரு கார்பன் தடமும் அதன் மேல் உரசிக்கொண்டே போகும் ஒரு முள்ளும் உண்டு. இருபது வருஷம் ஊருக்குள் ஓட்டினால் கால் எப்போதும் அந்தச் சின்னத் திறப்பிலேயே நிற்கும். தடம் தேய்வதும் அங்கேதான்.

விளக்கு ஏன் எரியவில்லை என்றால், வோல்டேஜ் அனுமதித்த எல்லையை விட்டு வெளியே போனால்தான் இந்த சென்சாருக்கான பிழை எண் 7 (கோடு 7) விழும். நடுவில் ஒரு இடத்தில் சிக்னல் விட்டுவிட்டு வருவதை ஈசியூ கோளாறாக எடுத்துக்கொள்ளாது. அதனால் "ஸ்கேன்ல ஒண்ணும் வரல" என்ற பேச்சை நம்பி சென்சாரை விட்டுவிடாதீர்கள்.

சோதனைக்குப் பத்து நிமிஷம் போதும். சாவி ஆன், என்ஜின் ஆஃப். சென்சாரின் கப்ளரை (வயர் இணைப்பை) கழற்றாமல் பின்பக்கமாக ஒரு குண்டூசியை சிக்னல் வயரில் செருகி, மீட்டரின் கறுப்பு முனையை என்ஜின் எர்த்தில் வையுங்கள். மூடியிருக்கும்போது சுமார் 0.5 வோல்ட், முழுசாகத் திறந்தால் சுமார் 4.5 வர வேண்டும். கையால் மிக மெதுவாகத் திறக்கும்போது ஏற்றம் எங்கேயும் தடைபடக் கூடாது. டிஜிட்டல் மீட்டர் இதில் ஏமாற்றும். எண் மாறுவதற்குள் வோல்டேஜ் விழும் அந்த இடம் கடந்துவிடும். பழைய ஊசி மீட்டரில்தான் 0.9 வோல்ட் பக்கம் ஊசி பொத்தென்று விழுந்து எழுந்தது. திரும்பத் திரும்ப அதே இடம்.

சாமான் தேடி 140 கிலோமீட்டர் தாண்டி சென்னை புதுப்பேட்டைக்குப் போனதில் முதல் தடவை வீண். வாங்கி வந்த பழைய திராட்டில் பாடியை (காற்றைத் திறந்து மூடும் பாகம், சென்சார் அதன் மேலேயே இருக்கும்) மாட்டியதும் உதறல் இன்னொரு இடத்துக்கு மாறியது. அதன் தடமும் தேய்ந்திருந்தது. மீட்டரை எடுத்துப் போகாததுதான் தப்பு. இரண்டாவது தடவை கடையிலேயே மீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளவில்) வைத்து, சிக்னல் முனைக்கும் எர்த் முனைக்கும் நடுவே, திராட்டில் தட்டைத் திருப்பிப் பார்த்ததில் மூன்றைத் தள்ளி நாலாவதை எடுத்தேன். கடைக்காரர் பொறுமையாகவே எடுத்துக் கொடுத்தார்.

சென்சாரை மட்டும் மாற்றுவதாக இருந்தால் ஒரு சிக்கல் உண்டு. அதைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுக்கும் ஸ்க்ரூடிரைவர் போடப் பள்ளம் கிடையாது. முறுக்கியதும் தலை உடைந்துபோகும் ரகம். ஹாக்ஸா பிளேடால் குறுக்கே ஒரு கோடு அறுத்து, மைனஸ் ஸ்க்ரூடிரைவரால் கழற்றலாம். அறுக்கும் முன் பாடியை என்ஜினை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள். இரும்புத் தூள் உள்ளே போனால் வேறு செலவு. புது சென்சாரை அரைகுறையாக முறுக்கி, மீட்டரில் 0.5 வரும்வரை லேசாகத் திருப்பி, பிறகு இறுக்க வேண்டும். ஆக்சிலரேட்டர் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கேபிள் இழுத்தபடி இருந்தால் 0.5 என்பதே பொய்க்கணக்கு. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி ஈசியூவை ரீசெட் செய்வதானால் ஆடியோ செட்டைத் திறக்கும் கோடு எண் கையில் இருக்கட்டும்.

ஞாயிறு காலை ஏலகிரிக்கு எடுத்துப் போனேன். இரண்டாவது கியர், 1,800 ஆர்பிஎம், கால் வைத்தால் வைத்த அளவுக்கு இழுக்கிறது. 14 வளைவிலும் ஒரு உதறல்கூட இல்லை.