சேன் மாலோ: மதிலில் ஏறுமுன் ஓதக் கணக்கு

சேன் மாலோவுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் முதலில் ரயில், அடுத்து விடுதி, கடைசியில் வழிகாட்டி நடை என்று பதிவு செய்துகொண்டே போகிறார்கள். பாதிப் பேர் சறுக்குவது அங்கேதான். பிரான்சின் வடமேற்கில், பிரெத்தாஞ் கரையில் உள்ள இந்த மதில் நகரத்தில் எதை எந்நேரம் பார்க்கலாம் என்று தீர்மானிப்பது கடல். ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியலை, பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள், மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

அட்டவணையில் நேரத்தோடு ‘கோஎஃபிசியான்’ என்று ஓர் எண்ணும் இருக்கும். 20 முதல் 120 வரை போகும். 70 நடுத்தரம். 45-க்குக் கீழே என்றால் தண்ணீர் அதிகம் ஏறாது, அதிகம் வற்றவும் வற்றாது. 95-ஐத் தாண்டினால் பெரிய ஓதம். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் வரும், மார்ச், செப்டம்பர் மாதங்களில் உச்சத்தைத் தொடும். அந்நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 12 மீட்டருக்கு மேல் வித்தியாசம். அட்லாண்டிக்கிலிருந்து ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழையும் ஓதம் கொத்தாந்தான் தீபகற்பத்தில் முட்டி, வளைகுடா மூலையில் குவிந்து எழும்புவதுதான் காரணம். சென்னைக் கடற்கரையில் இந்த வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். அந்தப் பழக்கத்தில் ‘தண்ணி இன்னும் தள்ளித்தானே இருக்கு’ என்று நினைப்பதுதான் நம்மவர்கள் இங்கே செய்யும் பெரிய தவறு.

இதில் குடும்பங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. இவ்வூரில் பெரிய ஓத நாட்களில் ஏற்றம் காலையிலும் மாலையிலும் விழும், வற்றம் பிற்பகலில். காலை பத்தரைக்கு வழிகாட்டியோடு மதில், பிறகு சாப்பாடு, வற்றத்துக்கு முன்பே இறங்கி கிரான் பே தீவுக்கு நடை என்று நாள் தானாக அமைந்துவிடும். ஓதம் நாளுக்கு 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். அதனால் போன வாரம் போனவர் சொன்ன நேரத்தை நம்பிப் போகாதீர்கள்.

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து டிஜிவி என்ற அதிவேக ரயில் நேராக வந்தால் ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம். சில வண்டிகளுக்கு ரென் நகரில் மாற வேண்டும். நிலையத்திலிருந்து மதில் வாசல் ஒன்றரை கிலோமீட்டர்.

வழிகாட்டி நடை பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். பதியுமுன் மொழியைப் பாருங்கள். பெரும்பாலானவை பிரெஞ்சில்தான், ஆங்கில நடை கோடையில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும். அரசு அங்கீகார அட்டை உள்ள வழிகாட்டியை ‘கீத் கோன்ஃபெரான்சியே’ என்பார்கள். சிறுவர்களுக்கென்றே வைக்கும் நடையை ‘விசித் ஆன் ஃபமீய்’ என்று கேட்டால் சொல்வார்கள். எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் அதையே எடுங்கள். பெரியவர்கள் நடையில் 1661 தீவிபத்தும் கோட்டைப் பொறியியலும் வரும்போது பிள்ளைகள் இருபதாம் நிமிடத்தில் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள்.

தள்ளுவண்டி வேண்டாம். மதிலுக்கு ஏறப் பெரும்பாலும் கல் படிகள். மேலேயும் நடுநடுவே படி உண்டு. கைக்குழந்தை என்றால் முதுகில் கட்டிக்கொள்ளும் பை. சில இடங்களில் கைப்பிடிச் சுவர் தாழ்வு, ஓடும் வயதுப் பிள்ளையின் கையை விடக்கூடாது. கழிப்பறையை ஏறுமுன் முடித்துவிடுங்கள். ஜூலையிலும் காற்றுக்கு மேலுறை தேவை. குடை எதற்கும் உதவாது, திருப்பிவிடும்.

மதிலைச் சுற்றிவர 2 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கட்டணம் இல்லை. சேன் வென்சான் வாசலருகே ஏறிக் கடிகாரச் சுற்றில் போவதே நல்லது. முதலில் துறைமுகப் பக்கம், காற்று குறைவு. அலையும் தீவுகளும் பின்பாதியில் வரும், பிள்ளைகளின் உற்சாகம் அதுவரை தாங்கும். எதிர்ச்சுற்றில் போனால் கடலை முதலிலேயே பார்த்துவிட்டு, கடைசியில் படகுத் துறையைப் பார்க்க இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

சேன் லூயி கொத்தளத்தில் துகே-துருவான் சிலை. 1711-இல் ரியோ டி ஜெனிரோவைப் பிடித்தவர். இங்கே வழிகாட்டி ‘கோர்சேர்’ என்ற சொல்லை விளக்குவார்: அரசனின் அனுமதிச் சீட்டோடு எதிரிக் கப்பலைக் கொள்ளையடிப்பவன். சீட்டு இல்லாவிட்டால் கடற்கொள்ளையன், தூக்கு. கொள்ளையில் அரசனுக்குப் பங்கு உண்டு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அவர்களுக்கு உடனே புரிந்துவிடும். அருகிலேயே மகோன் த லா லாந்து என்ற கப்பல் முதலாளியின் மாளிகை, 1725 வாக்கில் கட்டியது. இவர் பிரெஞ்சு இந்தியக் கம்பெனி இயக்குநர்களில் ஒருவர்.

மேற்கே ஹொலாந்து கொத்தளம். கனடா பக்கம் கடற்பயணம் போன ஜாக் கார்த்தியேயின் சிலையும் பீரங்கிகளும் இருந்தாலும், பிள்ளைகள் மறக்காதது நாய்க் கதைதான். அந்தக் காலத்தில் வற்றத்தின்போது கப்பல்கள் மணலில் உட்கார்ந்துவிடும். திருடன் நடந்தே வந்து ஏறலாம். அதற்காக நகரம் பெரிய காவல் நாய்களை வளர்த்தது. இரவு 10 மணிக்கு மணியடித்து, வாசல்களைச் சாத்தி, நாய்களைக் கரையில் அவிழ்த்துவிடுவார்கள். 1770-இல் நேரம் தவறி வந்த அதிகாரி ஒருவரை அவை குதறிக் கொன்றுவிட்டன. வழக்கம் அத்தோடு நின்றது. கூண்டுகள் இருந்தது இந்தக் கொத்தளத்தில்தான்.

கீழே இறங்கியதும் ‘ஆடும் பூனைத் தெரு’ என்ற பெயர்ப் பலகையைத் தேடச் சொல்லுங்கள். 1693-இல் ஆங்கிலேயர் வெடிமருந்து நிரப்பிய கப்பலை மதிலுக்கு எதிரே அனுப்பினார்கள். பாறையில் சிக்கி முன்னதாகவே வெடித்துவிட்டது. செத்தது ஒரு பூனை மட்டும் என்பது ஊர்க் கதை.

சில வழிகாட்டிகள் ஒரே வரியில் தாண்டிவிடுவது 1944. இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியர் பிடியில் இருந்த ஊரை அமெரிக்கப் படை வளைத்த ஆகஸ்ட் மாத முற்றுகையில் மதிலுக்குள் இருந்த நகரத்தில் 80 சதவீதம் போல அழிந்தது. மதில் மட்டும் பெரும்பாலும் தப்பியது. இன்று ‘பழைய நகரம்’ என்று படம் பிடிக்கும் வீடுகளில் பெரும்பகுதி, கட்டடக் கலைஞர் லூயி அரெத்ஷ் மேற்பார்வையில் அதற்குப் பிறகு எழுந்தவை. முன்பக்கம் கருங்கல், சரிந்த கூரை, உயரமான புகைபோக்கி. ஆனால் ஜன்னல் வரிசையைக் கவனியுங்கள், அளவெடுத்து அச்சில் வார்த்தது போல ஒரே சீராக இருக்கும். அதைப் பார்த்தபின் பெலிக்கோ தெருவுக்குப் போனால், மரமும் கண்ணாடியுமாக நிற்கும் உண்மையான பழைய வீடுகளோடு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இது ஏமாற்று என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஊர்க்காரர்கள் தங்கள் ஊரைத் திரும்பக் கட்டிக்கொண்டார்கள், அதில் ஏமாற்று எங்கே வந்தது?

சூர்கூஃப் சிலை கடலுக்கு அப்பால் விரல் நீட்டி நிற்கும். 1800-இல் வங்காள விரிகுடாவில் ‘கென்ட்’ என்ற பெரிய ஆங்கிலக் கம்பெனிக் கப்பலைச் சிறிய கப்பலால் பிடித்தவர். தமிழர்கள் கேட்க வேண்டிய பெயர் இன்னொன்று: லா பூர்தொனே. 1699-இல் இங்கே பிறந்தவர். 1746 செப்டம்பரில் சென்னைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தது இவர்தான். ஊரைப் பணயத்தொகை வாங்கிக்கொண்டு திருப்பித் தருவதா, கையில் வைத்துக்கொள்வதா என்று புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயோடு முட்டிக்கொண்டார். பிரான்சுக்குத் திரும்பியதும் பஸ்தீல் சிறை. 1751-இல் குற்றமற்றவர் என்று தீர்ப்பு. கோட்டையோ 1748 உடன்படிக்கைப்படி ஆங்கிலேயருக்கே போய்விட்டது. வழிகாட்டிகள் தாமாக இதைச் சொல்வது குறைவு, கேட்டால் சொல்வார்கள்.

இனி கிரான் பே. போன்-செக்கூர் கடற்கரையிலிருந்து கல் பாவிய பாதை. உச்சியில் கடலைப் பார்த்தபடி எழுத்தாளர் ஷத்தோப்ரியானின் கல்லறை. சிலுவையில் பெயர்கூட இல்லை. போவது பத்து நிமிடம், திரும்புவதில்தான் கணக்கு. ஓதம் ஒரே சீராக ஏறாது. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக எடுத்தால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மூன்று மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. 12 மீட்டர் நாளில் மூன்றாம் மணியில் மட்டும் 3 மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 5 சென்டிமீட்டர்! பாதை தீவைவிடத் தாழ்வு என்பதால் உங்கள் காலடி காய்ந்திருக்கும்போதே பின்னால் வழி மூடிவிடும். வற்ற நேரத்துக்குள் திரும்ப ஆரம்பிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மாட்டிக்கொண்டால் முழங்கால் தண்ணீர்தானே என்று பிள்ளையைத் தோளில் வைத்து இறங்காதீர்கள். கல் வழுக்கும், இரண்டு பக்கமும் இழுப்பு இருக்கும். தீவிலேயே உட்கார்ந்து அடுத்த வற்றத்துக்குக் காத்திருங்கள், ஆறு மணி நேரம் போனாலும் சரி. அதற்காகத்தான் பையில் தண்ணீரும் பிஸ்கட்டும்.

கிழக்குக் கரையில் உள்ள ஃபோர் நாசியோனால் கோட்டைக்கும் இதே விதி. கொடி பறந்தால் திறந்திருக்கிறது என்று பொருள். மதில் மேலிருந்தே பார்த்துவிடலாம்.

சைவர்களுக்குக் கவலையில்லை. ‘கலெத்’ என்பது கரும்பழுப்பு நிறத்தில் நம் தோசை போலவே இருக்கும், பக்வீட் மாவு. முட்டை, பன்றித்தொடை, பாலாடைக்கட்டி வைத்து மடிப்பதுதான் வழக்கம். ‘சான் ஜாம்போன்’ என்றால் பன்றியில்லாமல் தருவார்கள். வாங்கியதை மதில் மேல் நின்று சாப்பிட வேண்டாம். கடற்காகங்கள் பின்னாலிருந்து வந்து கையிலிருப்பதைப் பறித்துக்கொண்டு போகும், பிள்ளையின் உயரம் அவற்றுக்கு ரொம்ப வசதி. சுவரை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தால் ஓரளவு பிழைக்கலாம்.