பூச்சியும் சுகரும்

மேலூர்ப் பக்கம் லேப் டெக்னீஷியனாக நான் சேர்ந்த புதிதில், மலப் பரிசோதனையிலேயே பாதி நாள் போய்விடும். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு சலைன், ஈர்க்குச்சி முனையளவு மலம், மேலே கவர் ஸ்லிப். மைக்ராஸ்கோப்பைத் திருப்பத் திருப்ப, மெல்லிய ஓட்டுக்குள் நாலு உருண்டையாகப் பிரிந்த கொக்கிப்புழு முட்டை கண்ணில் படும். வரப்பிலும் தோப்பிலும் செருப்பில்லாமல் நடக்கிறவர்கள்தான் அதிகம், ஈரமண்ணில் கிடக்கும் புழுக்குஞ்சு பாதத் தோல் வழியாகவே உள்ளே போய்விடும்.

இப்போது அந்த முட்டை அபூர்வம். வீடுகளில் கக்கூஸ் வந்தது, 2015லிருந்து பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். அதே மேசைக்கு முன்னால் இன்று வெறும் வயிற்றுச் சுகருக்கு வரிசை நிற்கிறது.

இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது ஒரு பயிற்சி வகுப்பில்தான் தெரிந்தது. புழு தான் பிழைத்துக் கிடக்க நம் எதிர்ப்பு சக்தியைத் தணித்து வைக்கிறது. ஈசினோஃபில் என்ற ஒரு வகை வெள்ளையணுக்கள் கொழுப்புத் திசுவில் சேர, அங்கே அழற்சி அடங்கி, இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. எலிகளில் இதை 2011இல் காட்டினார்கள். சென்னையில் சர்க்கரை நோயாளிகளிடம் யானைக்கால் புழுத் தொற்று குறைவாக இருந்தது. இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவில் பூச்சி மாத்திரை கொடுத்தபோது, புழு இருந்தவர்களுக்கு இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை, கூடியது.

இதை எங்கோ கேட்டுவிட்டு வந்த ஒரு பையன், "பூச்சி இருந்தா சுகர் வராதாமே சார், அம்மாவுக்கு மாத்திரை வேண்டாமே" என்றான். எனக்குக் கோபமே வந்தது. அந்த அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 6.2, நகம் கரண்டி மாதிரி குழிந்திருக்கிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது. பையனைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் முட்டையைக் காட்டினேன், இதெல்லாம் குடலைக் கடித்து ரத்தம் குடிக்கிற கூட்டம்ப்பா என்றேன். வெளி லேபில் எடுத்த மூன்று மாதச் சராசரி சுகர் (HbA1c) ரிப்போர்ட்டையும் கொண்டு வந்திருந்தார்கள். இவ்வளவு ரத்தசோகையில் அந்த எண்ணை நம்ப முடியாது, கூடியும் காட்டும், குறைந்தும் காட்டும். இதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

டாக்டர் பூச்சி மாத்திரையும் இரும்பு மாத்திரையும் எழுதினார். மூன்று மாதம் கழித்து ஹீமோகுளோபின் 9.8. "இப்பத்தான் சோறு இறங்குது தம்பி" என்றார் அந்த அம்மா. வெறும் வயிற்றுச் சுகர் 94இலிருந்து 108க்கு வந்திருந்தது. அது மாத்திரையாலா, சோற்றாலா, ஒரே ஆளை வைத்து எப்படிச் சொல்வது? மாதாமாதம் வெறும் வயிற்றோடு வாங்கம்மா என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன், வருகிறார்.