அம்மம்மாவுக்கும் கண் துடித்ததா?

2021 மாரியில் எனக்குக் கண் துடிக்கத் தொடங்கியது. பெண்களுக்கு இடக்கண் துடித்தால் நல்லது, வலக்கண் கூடாது என்பார்கள். எனக்கு இரண்டும் சேர்ந்தே துடித்ததால் மல்லாவியில் ஒருவராலும் பலன் சொல்ல முடியவில்லை.

நான் தையல்காரி. முதலில் ஊசியில் நூல் கோக்கும்போது இமை படபடவென்று அடித்தது. ஒரு வருடத்துக்குள் வெயிலில் இறங்கினாலே இரண்டு கண்ணும் இறுகி மூடிக்கொள்ளும். மாங்குளத்தில் ஏ9 வீதியின் நடுவில் ஒருநாள் அப்படிக் கண் மூடி நின்றேன். லொறிக்காரன் ஏசியது இன்னும் காதில் இருக்கிறது.

ஓர் ஆஸ்பத்திரியில் கண் வறட்சி என்று சொட்டு மருந்து தந்தார்கள். இன்னொன்றில் கண்ணாடி. மூன்றாவது இடத்தில், "சண்டைக்குள்ள இருந்த ஆக்களுக்கு மனசால வாறதுதான்" என்று நித்திரைக் குளிசை. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். வன்னியிலிருந்து போகிறவளுக்கு என்ன வருத்தம் வந்தாலும் 2009-தான் காரணம்!

கடைசியில் யாழ்ப்பாணத்தில் ஒரு நரம்பியல் வைத்தியரிடம் போனோம். அவருக்கு முன்னால் இருந்ததும் கண் நல்ல பிள்ளையாகிவிட்டது. நல்லகாலம், மகள் போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தாள். இந்த வருத்தத்தோடு போகிறவர்கள் கட்டாயம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.

பெயர் பிளெபரோஸ்பாசம். கண்ணில் பிழை இல்லை, இமையை மூடச் சொல்லி மூளை அனுப்பும் கட்டளையில்தான் பிழை. 50 வயதைத் தாண்டிய பெண்களுக்கே கூடுதலாக வருமாம். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் அது வேறு வருத்தம். அநேகமாக ஓர் இரத்தக்குழாய் முகநரம்பில் முட்டுவதால் வருவது. சில மனநோய் மருந்துகளும், சத்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும்கூட இப்படிச் செய்யலாம் என்று, நான் கொண்டுபோன குளிசைகளை எல்லாம் மேசையில் கொட்டிப் பார்த்தார்.

பிறகு கேட்டார்: "குடும்பத்தில ஆருக்கும் கண் இப்பிடி? கழுத்து ஒரு பக்கம் இழுக்கிறது? எழுதேக்க கை முறுகிறது?" எல்லாம் டிஸ்டோனியா என்ற, தசைகள் தாமாகவே இறுகி முறுகும் ஒரே இன வருத்தமாம். ஒரே குடும்பத்தில் ஆளுக்கு ஒரு விதமாகவும் வரலாம்.

யாரைக் கேட்பது? அல்பம் இருந்த பெட்டி புதுக்குடியிருப்பில் பங்கருக்குள்ளேயே போய்விட்டது. கனடாவிலிருக்கும் பெரியம்மாவுக்கு அழைத்தேன். "அம்மா பின்னேரத்தில கண்ணை மூடிக்கொண்டு திண்ணையில இருப்பா. தேவாரம் படிச்சால்தான் கண் திறக்கும்" என்றார். நாங்கள் அதைப் பக்தி என்று நினைத்திருந்தோம். வைத்தியரிடம் சொன்னேன். பாடினாலோ கதைத்தாலோ முகத்தைத் தொட்டாலோ சிலருக்கு இமை இளகும், அது இந்த வருத்தத்தின் அடையாளங்களில் ஒன்று என்றார்.

மகள் கேட்க வந்ததே வேறு: "எனக்கும் வருமா?" பெரும்பாலானவர்களுக்குக் குடும்பத்தில் வேறு எவருக்கும் இருப்பதில்லையாம். பரம்பரையாக வரும் சில குடும்பங்களில் தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து பிழையான மரபணு வந்தாலே போதும். பிள்ளைக்குக் கிடைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் அந்த மரபணு இருந்தால் வருத்தம் வந்தே தீரும் என்றில்லை. சின்ன வயதிலேயே தொடங்கும் இன்னொரு டிஸ்டோனியாவில், டிஓஆர்1ஏ என்ற மரபணுவின் பிழையைச் சுமக்கும் 100 பேரில் சுமார் 30 பேருக்குத்தான் வெளியே தெரியுமாம். இரத்தம் சோதிக்கலாமா என்று கேட்டேன். முடிவு எதுவானாலும் உங்கள் சிகிச்சை மாறாது, வேண்டாம் என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. கண் துடிக்கிறது என்று ஊரே என்னைக் கோப்பியை விடச் சொன்னது. இத்தாலியில் செய்த ஆய்வுகளிலோ கோப்பி குடிப்பவர்களுக்கு இந்த வருத்தம் குறைவாகக் காணப்பட்டதாம். நான் விடவில்லை.

தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசியை இமையைச் சுற்றிப் போட்டார்கள், கட்டெறும்பு கடித்த மாதிரி. நாலாம் நாள் முற்றத்து வேப்பமரத்தைக் கண் மூடாமல் பார்த்தேன். முதல் தடவை இடது இமை இரண்டு கிழமை தொங்கியது, பிறகு சரியாகிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருக்கா போடவேண்டும். விடிய வெளிக்கிட்டால் வீடு வர இருட்டிவிடும்.

போன மாதம் பெரியம்மா வீடியோவில் கதைக்கும்போது அவருடைய தலை வலப்பக்கம் மெல்ல இழுபட்டதைக் கண்டேன். எப்போதிருந்து என்று கேட்டதற்கு, "அது வயசுக்கு" என்றார். கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.