தோள் 40, தொப்பை 42

மச்சினன் கல்யாண வரவேற்புக்கு நான் கோட் போட்டே ஆகவேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. முழு சூட் வேண்டாம், பேண்ட் இருக்கிறதே போதும், மேலே ஒரு பிளேசர் மட்டும் என்று பேரம் பேசி ஒப்புக்கொண்டேன்.

ஏற்கெனவே சூடு கண்டவன் நான். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால், தொப்பைமேல் பொத்தான் சிரமமில்லாமல் மாட்டியது என்ற ஒரே காரணத்துக்காக 42 வாங்கினேன். போட்டுக் காட்டியதும் "ஏனுங்க, உங்க பெரியப்பாருது மாதிரியே இருக்குதுங்க" என்றாள் வீட்டுக்காரி. தப்பே இல்லை. தோள்தையல் எலும்பைத் தாண்டிக் கையில் சரிந்து கிடந்தது. ஈரோட்டில் மணிக்கூண்டுப் பக்கம் டைலர் அண்ணனிடம் கொண்டுபோனேன். "தோளை மட்டும் கேக்காதீங்க தம்பி. கையைப் பிரிச்சு, தோளுக்குள்ள வெச்சிருக்கற பேடை எடுத்து, மறுக்காத் தைக்கோணும். அந்தக் காசுக்கு வேற கோட்டே வாங்கிக்கலாம்" என்றார். அது பீரோவிலேயே இருக்கிறது.

இந்த முறை கோவை கிராஸ்கட் ரோட்டுக்குப் போனோம். வரவேற்புக்குப் போடப்போகிற முழுக்கைச் சட்டையையே போட்டுக்கொண்டு போனேன். டி-ஷர்ட்மேல் கோட் போட்டுப் பார்த்தால் காலரும் தெரியாது, கையும் தெரியாது. கடைப்பையன் அக்குளுக்குக் கீழே டேப்பைச் சுற்றினான். நெஞ்சு 40, இடுப்பு 38. கோட்டில் போட்டிருக்கும் நம்பர் நெஞ்சளவுதான். 40 நெஞ்சுக்கு இடுப்பு 34 இருக்கும் என்கிற கணக்கில்தான் பெரும்பாலும் வெட்டுகிறார்கள். அந்த நாலு அங்குலம்தான் என் பிரச்சினை. ஒரு கோட்டில் 50 என்று பார்த்ததும் பகீரென்றது. அது ஐரோப்பியக் கணக்காம், பத்தைக் கழித்தால் நம்ம 40.

பையன் வழக்கம்போல 42-ஐ நீட்டினான். நான் 40-ஐ எடுத்தேன். தோள்தையல் எலும்பின் முனையில் கச்சிதமாக நின்றது, பின்னால் கோட் காலர் சட்டைக் காலரோடு ஒட்டியிருந்தது. பொத்தானைப் போட்டதும்தான் வயிற்றில் பெருக்கல் குறி மாதிரி இழுப்பு விழுந்தது. கோட்டுக் கை கட்டைவிரல் வரை தொங்கியது. என் உயரம் அப்படி. பின்னால் உட்காருமிடம் மறைந்ததால் நீளத்தில் குறையில்லை. அப்புறம் நானாகவே ஒரு சோதனை வைத்தேன்: இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுப் பார்த்தேன். மண்டபத்து வாசலில் இரண்டு மணி நேரம் அதைத்தானே செய்யப்போகிறேன்! முதுகில் இறுக்கிப் பிடிக்கவில்லை. வாங்கிவிட்டேன். பையனுக்கு நம்பிக்கையே இல்லை.

டைலர் அண்ணன் கோட்டை உள்பக்கம் திருப்பி, லைனிங்கை நாலு விரல் அகலம் பிளேடால் பிரித்தார். பக்கத்தையலில் மடித்துவிட்டிருந்த துணியை நகத்தால் நெருடிக் காட்டினார். "முக்கால் அங்குலம் உட்டிருக்கான், நல்ல கடைங்க." மொத்தத்தில் ஓர் அங்குலம் தளர்த்தி, பொத்தானையும் அரை அங்குலம் நகர்த்தினார். இழுப்பு போய்விட்டது, உட்காரும்போது மட்டும் பொத்தானைக் கழற்றிவிட வேண்டும். எப்படியும் கோட்டுக்காரர்கள் அப்படித்தான் உட்காருகிறார்கள். கையில் பொத்தான்கள் சும்மா அழகுக்கு வைத்தவை, துளை வெட்டவில்லை. அதனால் சட்டைக்கை அரை அங்குலம் வெளியே தெரிகிற மாதிரி கீழேயே சுருக்கிவிட்டார். துளை வெட்டியிருந்தால் தோள்பக்கம் பிரித்துத்தான் குறைக்க வேண்டுமாம்.

கொடுக்கும்போது பின்பக்கம் கீழே இருந்த வெட்டைப் பிடித்து, அதைச் சேர்த்துப் பெருக்கல் குறியாகப் போட்டிருந்த நூலை நறுக்கென்று கத்தரித்தார். கடைக்கு வரும்வரை கசங்காமலிருக்கப் போடுவதாம். "இதைப் பிரிக்காமயே போட்டுட்டுப் போறவங்க நிறையப் பேருங்க தம்பி."

வரவேற்பில் எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். நான் வந்தவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர், அதில் ஒருவர் மாப்பிள்ளை.