மலை ஏத்தத்துல நிறுத்தி எடுக்கறது

இந்தத் தடவை மலை ஏறும்போது வழி நெடுக டிராஃபிக், மேல ஒரு லாரி கொண்டை ஊசி வளைவுல ஒரே மூச்சுல திரும்ப முடியாம ரிவர்ஸ் எடுத்து எடுத்துத் திரும்பிட்டு இருந்துச்சு, அதனால கீழ எங்க வரிசை மொத்தமும் நல்ல ஏத்தத்துல அப்படியே நின்னுடுச்சு, எனக்குப் பின்னாடி ஒரு பஸ்ஸு, கண்ணாடி முழுக்க அதோட முகம்தான். மேனுவல் வண்டி ஓட்டறவங்களுக்கு வயித்துல புளியைக் கரைக்கற இடம் இதுதான்.

நான் இந்த மாதிரி இடத்துல எப்பவும் ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் எடுப்பேன். பிரேக்குலேர்ந்து சட்டுனு ஆக்சிலரேட்டருக்குக் காலை மாத்தறதெல்லாம் சின்ன மேட்டுக்கு ஓகே, செங்குத்தான ஏத்தத்துல கால் மாறுற அந்த நேரத்துலயே வண்டி பின்னாடி போயிடும். ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுத்துட்டு ஃபர்ஸ்ட் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரை லேசா குடுத்து, கிளட்சை மெதுவா விட்டுக்கிட்டே வரணும். ஒரு இடத்துல இன்ஜின் சத்தம் கனத்து இறங்கும், பானெட் லேசா தூக்கும், சீட்டுல உக்காந்திருக்கறப்பவே வண்டி முன்னாடி இழுக்கறது தெரியும். இடது காலை அங்கயே நிறுத்திடுங்க. அதுக்கப்புறம் ஹேண்ட் பிரேக்கை இறக்கினா வண்டி முன்னாடி மட்டும்தான் போகும். அந்த இழுவை வர்றதுக்கு முன்னாடி அவசரப்பட்டு இறக்கறதுனாலதான் பாதிப் பேருக்கு வண்டி சறுக்குது.

டீசல் வண்டில ஐடிலிங்லயே, அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே, இழுவை இருக்கும், சின்ன பெட்ரோல் இன்ஜினுக்குக் கொஞ்சம் கூடவே ஆக்சிலரேட்டர் வேணும். வண்டி பின்னாடி போகாம தானாவே பிடிக்கற ஹில் ஹோல்டு வசதி இருந்தா பிரேக்கை விட்டப்புறம் ரெண்டு செகண்டு மாதிரி அதுவே பிடிச்சுக்கும், அதுக்கு மேல பிடிக்காது. மழை பெஞ்ச ரோடா இருந்தா ஆக்சிலரேட்டரை ரொம்ப மிதிக்காதீங்க, ஏத்தத்துல வெயிட்டெல்லாம் பின்னாடி போயிடறதால முன் சக்கரம் இழுக்கற வண்டில டயர் சும்மாவே சுத்தும்.

தயவுசெஞ்சு ஹாஃப் கிளட்ச்லயே, அதாவது கிளட்சைப் பாதி மிதிச்சபடியே, வண்டியை ஏத்தத்துல நிறுத்தி வெச்சிருக்காதீங்க. எனக்கு முன்னாடி நின்ன கார்ல அப்படித்தான் பண்ணிட்டு இருந்தாங்க, வண்டி முன்னயும் பின்னயும் ஆடிட்டே இருக்கு, கொஞ்ச நேரத்துல கிளட்ச் பிளேட் தீயற வாடை என் ஜன்னல் வரைக்கும் வந்துச்சு. நின்னா கியரை நியூட்ரல் பண்ணி ஹேண்ட் பிரேக்கைப் போட்டுடணும், அவ்ளோதான்.

இன்னொண்ணு, முன்னாடி வண்டி நாலடி நகர்ந்தா நாமளும் நாலடி நகரணும்னு அவசியமே இல்ல. லாரி முழுசா திரும்பி முன்னாடி நல்ல இடம் கிடைக்கற வரைக்கும் நான் எடுக்கவே இல்ல, பஸ்ஸு ஹாரன் அடிச்சுது, அடிக்கட்டும்னு விட்டுட்டேன், அப்புறம் எடுத்தப்ப ஒரே இழுவையில வளைவைத் தாண்டியாச்சு.