கிலோவுக்கு நாலு ரூபாய்

"கிலோவுக்கு நாலு ரூவா சேத்துக் குடுங்க தம்பி. எவாபரேட்டர் ஓட்டிக் கட்டுபடி ஆகலீங்க."

"பையர் விலையை ஏத்த மாட்டேங்கறாருங்கண்ணா."

பேச்சு அவ்வளவுதான். எங்கள் கம்பெனித் துணிக்குச் சாயம் போட்டுக் கொடுக்கும் பட்டறைக்காரர், வைத்த டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

அன்று மதியம், எங்கள் சட்டைகளை வாங்கும் அதே பையருக்குச் சுற்றுச்சூழல் படிவம் ஒன்றை நிரப்பினேன். சாயப்பட்டறையில் ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத முறை, உண்டா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று போட்டேன். பொய் இல்லை, சான்றிதழ் கையில் இருந்தது. ஆனால் அந்த 'ஆம்' உண்மையாக இருக்க அவர் கேட்ட காசைக் காலையில்தான் மறுத்திருந்தேன்.

ஒரு கிலோ துணியில் ஐந்து டி-ஷர்ட் வரும். சட்டைக்கு எண்பது பைசா. இரண்டு லட்சம் பீஸ் ஆர்டருக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம். பையர் வங்கதேச விலையைக் காட்டிக்கொண்டிருந்தார். ஆர்டர் போனால் தையல் லைன் சும்மா நிற்கும். அதனால் நான் சொன்னது தவறில்லை என்றுதான் பல நாள் நினைத்தேன். அதிகாரமும் என்னிடம் இல்லை. சரி, முதலாளியிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? அதற்கு அதிகாரம் எதற்கு?

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ப் பட்டறைகள் மொத்தமாக மூடியபோது நான் வேலைக்குப் புதிது. சாயம் போட இடமில்லாமல் துணி தேங்கியதைப் பார்த்தவன். பாசனத்துக்காக நொய்யல் ஆற்றில் 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாகிப் போனதால்தானே விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள்? நிறத்தையாவது எடுத்துவிடலாம், துணியில் சாயம் பிடிக்கப் போடுகிற உப்பு அப்படிப் போகாது. ஆர்.ஓ.வில் நல்ல தண்ணீரைப் பிரித்தபின் மிஞ்சும் உப்புநீரை எவாபரேட்டரில் கொதிக்க வைத்தே வற்றச் செய்ய வேண்டும். விறகும் கரண்டும் தின்னும் வேலை. அந்தச் செலவு முழுவதும் பட்டறைக்காரர் தலையில். 'பசுமை' அட்டை எங்கள் சட்டையில்.

அடுத்த மழைக்கு நொய்யலில் நுரை பொங்கியது. யார் விட்டது என்று தெரியவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

அதற்கடுத்த ஆர்டருக்கு அவரே பழைய ரேட்டைச் சொன்னார். நாலு ரூபாய் பேச்சே எடுக்கவில்லை. எப்படிங்கண்ணா கட்டுபடியாகிறது என்று நானும் கேட்கவில்லை.